அரைக் கட்டை இறக்கிப் பாடினால் என்ன?

பெரும்பாக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கோபமாக ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கோபம் உங்கள் மேல் இல்லை. பதினைந்து வயதிலிருந்து நேசித்த ஒரு குரலை, தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே உள்ளங்கையளவு திரையில் கேட்டிருக்கிறீர்கள். மனது தாங்காமல் வீட்டுக்கு வந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. என்னைச் சுட்டது ஒரே ஒரு வரிதான். இவ்வளவுதான் வருமென்றால் மரியாதையாக நிறுத்தியிருக்கலாமே என்று முடித்திருந்தீர்கள். வேறு வேறு பாடகர்களைப் பற்றி இதே வரியை என்னிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் பெயரைச் சொல்லாமல் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் 2025 சுற்றுப்பயணம். மே 27 அன்று புடாபெஸ்டில் தொடங்கினார்கள். குழுவின் ஐம்பதாவது ஆண்டு என்பதால் 1980 முதல் 1992 வரை வந்த ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டுமே பாட்டுகளை எடுத்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் பிறந்தது 1958 ஆகஸ்ட்டில். அந்தக் குழுவோடு அவர் பாடிய முதல் ஆல்பம் 1982இல் வந்தது. இருபத்து மூன்று வயதுப் பையனின் தொண்டைக்குப் போட்ட மெட்டை அறுபத்தாறு வயதில், அதுவும் ஒரே இரவில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளப் புதிய, தாழ்ந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. அப்படியொரு பட்டியலை அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

நான் அவரை நேரில் கேட்டது ஒரே ஒரு முறை. 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம், அந்தக் குழு இந்தியாவில் முதன்முதலாக மேடையேறிய இரவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோயம்பேட்டில் பஸ் பிடித்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்பு டி-ஷர்ட். விடியும் முன்பே ஓசூர் தாண்டியபோது பின்சீட்டில் யாரோ கிதார் மெட்டை வாயால் வாசிக்க, முன்சீட்டிலிருந்து இன்னொருவர் அதற்குச் சேர்ந்துகொண்டார். அன்று டிக்கின்சனுக்கு 48 வயது. இப்போது நினைத்துப் பார்த்தால், நாங்கள் கேட்டதும் கேசட்டில் இருந்த குரல் இல்லை. கீழே கனம் கூடியிருந்தது. உச்சியில் போய் நிற்கும் இடங்களில், ரெக்கார்டில் நிற்கும் நேரம் நிற்காமல் சற்று முன்பே இறங்கிவிட்டார். ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ தொடங்கியதும் கிதாரின் மெட்டை மைதானமே பாடியது. அந்த இரைச்சலில் யாருக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பி மூன்று நாள் எனக்கும் பேச்சு வரவில்லை.

இனி தொண்டைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இது தெரியாமல் ஒரு பாடகரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆண்களுக்குக் குரல்நாண் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான் நீளம். ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயியின் ஆறு கட்டை இருக்கிறதே, அந்தச் சுரத்தைப் பாடும்போது இரண்டு நாண்களும் ஒரு விநாடிக்கு 440 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அரை மணி நேரம் அந்த உயரத்திலேயே பாடினால் எட்டு லட்சம் மோதல். ஹெவி மெட்டல் பாடகர்கள் அதற்கும் மேலே போய் நிற்கிறவர்கள். இளமையில் நாணுக்கு மேலே உள்ள மெல்லிய சவ்வு ஈரமாக, ரப்பர் மாதிரி இழுபடும். வயது ஏற ஏற அந்த இழுவை குறையும். உள்ளே இருக்கும் தசை மெலியும். மெலிந்த நாண்கள் நடுவில் வில்லாக வளைந்துவிடுவதால் முழுதாக மூடாது. அந்த இடுக்கு வழியே காற்று கசியும். நீங்கள் தேய்ந்துபோச்சு என்று எழுதியது அந்தக் காற்றைத்தான். குரல்வளையின் குருத்தெலும்பு மெல்ல எலும்பாக இறுகும். நெஞ்சுக்கூடும் முன்போல விரியாது. அதனால் ஒரே மூச்சில் பாடிய வரிக்கு இரண்டு மூச்சு வேண்டியிருக்கும். நீளமாக நிறுத்தும் சுரத்தில் இயல்பாக வரும் அதிர்வு மெதுவாகி அகலமாகி, ஊசலாட்டமாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கிழவர்களின் பேச்சுக் குரல் கீழே போவதில்லை, கொஞ்சம் மேலேதான் ஏறும். நாண் மெலிந்துபோவதால் அப்படி. பெண்களுக்கு நேர்மாறு. மாதவிடாய் நின்ற பிறகு நாண் தடித்துக் குரல் இறங்கும். ஆண்களுக்குப் பேச்சு மேலேறினாலும் பாட்டின் உச்சி மட்டும் கீழே வந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமிருந்தும் குரலின் இடம் சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய இடத்துக்குள் நின்றுகொண்டுதான் வயதான பாடகர் பாடுகிறார்.

டிக்கின்சனுக்கு இது போதாதென்று வேறொன்றும் வந்தது. 2014 கடைசியில் அவருடைய நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ‘த புக் ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தை அவர் பாடி முடித்தபோதே கட்டி உள்ளே இருந்திருக்கிறது. கதிர்வீச்சு, கீமோ இரண்டும் எடுத்துக்கொண்டு 2015 மே மாதம் குணமானார். 2016 பிப்ரவரியில் மேடைக்கு வந்துவிட்டார். தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு உமிழ்நீர் குறையும், வாய் காய்ந்துகொண்டே இருக்கும். என் உறவினர் ஒருவர் அதே சிகிச்சைக்குப் பிறகு சோறு விழுங்கவே கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். நாக்கு அசைவதில் துளி மாறினாலும் உயிரெழுத்துகளின் வடிவம் மாறும். ‘ஆ’ என்று நீட்டுவதற்கு நாக்கு எங்கே படுத்திருக்க வேண்டும் என்பதை நாற்பது வருட அனுபவத்துக்குப் பிறகு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். அவர் கற்றுக்கொண்டு வந்தார், தம்பி.

‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ பாட்டில் அந்த நீளமான ஓலம் இருக்கிறதே, அதை அளவுகோலாக வைத்து எழுதியிருந்தீர்கள். அது பிறந்த கதை தெரியுமா? 1982இல் தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச், முதல் வரிகளையே திரும்பத் திரும்ப மணிக்கணக்கில் பாட வைத்தார். டிக்கின்சன் வெறுத்தே போய்விட்டார். அந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்துதான் ஓலமாக வெளியே வந்தது. ஸ்டூடியோவில் அதை ஒரு தடவை சரியாகப் பிடித்தால் போதும், டேப்பில் இருக்கும். மேடையில் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு ஊர், வியாழக்கிழமை வேறு ஊர். குளிர்சாதன விமானம், தூக்கம் கெட்ட இரவு, மேடைப் புகை, எல்லாவற்றுக்கும் பிறகு அதையே மறுபடி கொடுக்க வேண்டும். இளைஞனுக்கு ஒரு ராத்திரி தூங்கினால் தொண்டை சரியாகிவிடும். அறுபத்தாறில் வீக்கம் வடிய அதைவிட அதிக நாள் ஆகும், அதற்குள் அடுத்த மேடை வந்துவிடும்.

கைபேசி வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சின்ன மைக் மைதானத்துச் சத்தத்தைத் தாங்காது. தானாகவே எல்லாவற்றையும் அமுக்கும். அடிக்குரலின் கனம் முழுக்கப் போய்விடும், மேல்தொனி மட்டும் தகரமாக வரும். உங்கள் பக்கத்தில் நின்று பாடும் ரசிகரின் குரல், மேடையில் இருப்பவர் குரலைவிடப் பெரிதாகப் பதிவாகும். இந்தப் பயணம் தொடங்கும் முன்பே குழுவின் மேலாளர் ராட் ஸ்மால்வுட், தயவுசெய்து கைபேசியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். நீங்கள் எடைபோட்டது அந்தக் குரலை இல்லை, அதன் கிழிந்த நகலை.

போன வாரம் எங்கள் பகுதி அம்மன் கோவிலில் ஆடித் திருவிழா. இங்கே வாரியக் குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பந்தல் போட்டு இரண்டு இரவு மெல்லிசைக் கச்சேரி வைத்தார்கள். டி.எம்.எஸ். பாட்டுப் பாடுபவர் கூவம் கரையிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர், அறுபதைத் தாண்டியவர். நான் மேடையின் வலப்பக்கம், கீபோர்டு வாசிக்கும் பையனுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டுக்கு முன் பெரியவர் குனிந்து பையனிடம், “ரெண்டு கொறச்சுக்கோ” என்றார். பையன் நிமிர்ந்து, “நேத்து ஒண்ணுதானண்ணா கொறச்சோம்?” என்றான். “நேத்து வேற, இன்னிக்கு வேறப்பா” என்றார் அவர். பையன் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினான். சின்னத் திரையில் கழித்தல் குறியும் 2 என்ற எண்ணும் வந்தது. ஒரு முழுக் கட்டை இறங்கியது.

பிறகு அவர் செய்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். பல்லவியில் குரலைச் சேமித்தார், பாதிப் பேச்சு மாதிரி பாடினார். சரணத்தின் உச்சி வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றிலிருந்து ஒரே தள்ளு. சுரம் நின்றது. நீளமாக நிற்கவில்லை. நிற்க முடிந்த அளவு நிறுத்தி, மிச்சத்தை ஒரு சின்னக் கமகமாக வளைத்துக் கீழே கொண்டுவந்து வைத்தார். டி.எம்.எஸ். அந்த இடத்தில் அப்படி வளைக்க மாட்டார். அந்த வளைவு இவருடையது. அறுபது வயது தொண்டை தேடிக் கண்டுபிடித்த வழி அது. முடித்ததும் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்கு விரலால் ஒன்று என்று காட்டினார். பையன் பட்டனை ஒரு தட்டு மேலே தட்டினான்.

கிதாரின் சுருதியைக் கீழே இறக்கி வாசிப்பது ஏமாற்று வேலை என்று நீங்கள் எழுதியதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கிதாரின் தடித்த கம்பி நம் கணக்கில் மூன்று கட்டை. எல்லாக் கம்பியையும் ஒரு படி தளர்த்தினால் இரண்டரைக் கட்டை. மெட்டாலிக்கா குழு 1990களின் நடுவிலிருந்து மேடையில் அப்படித்தான் வாசிக்கிறது. 2011 அக்டோபர் 30, அதே அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்டு உங்கள் கூடப்பிறந்த அண்ணன் வாழ்நாள் அனுபவம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் கேட்டது இரண்டரைக் கட்டை. கம்பி தளர்ந்தால் ஒலிக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடும், பாடகருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தம்பூராவைச் சுருதி சேர்க்கும்போது பாடகர் அன்றைய தொண்டையைக் கேட்டுத்தான் கட்டையைச் சொல்வார். நம் சங்கீதத்தில் இதை யாரும் குற்றமாக நினைத்ததே இல்லை. கட்டை பாடகருக்காக இருக்கிறது.

மேடையில் ஏமாற்று என்று ஒன்று உண்டென்றால், முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பதுதான். அதில் கரகரப்பு வராது, சுரம் நழுவாது. ஆனால் அங்கே பாடுகிற ஆளும் இல்லை. எனக்கு நழுவுகிற சுரம் வேண்டும்.

நம் ஊரில் இதற்கு எத்தனை உதாரணம் இருக்கிறது! மைக் வருவதற்கு முன் நாடக மேடையில் கடைசிச் சீட்டுக்குக் கேட்க வேண்டுமென்று ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள். ஹெவி மெட்டல்காரர்கள் மின்சாரக் கிதாரின் சத்தத்தைத் தாண்டக் குரலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். நம் நாடகப் பாடகர்கள் தாண்ட வேண்டியிருந்தது கொட்டகை நிறைந்த கூட்டத்தின் சத்தத்தை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார். அவர் குரல் நம் காதில் என்றைக்கும் இளமையாக இருக்கிறது, வேறு வழியில்லாமல். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் இருந்தார், பாடினார், வயதானார். 1908இல் பிறந்தவர், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வரும்போது 56 வயது. அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். உச்சி இருக்கிறது, ஆனால் ஓரத்தில் ஒரு சொரசொரப்பும் சேர்ந்திருக்கிறது. முருகனைப் பாட்டி அதட்டுவதற்கு அந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் நாம் நம்பியிருப்போமா?

எல்.ஆர். ஈஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் முழுக்க பெரும்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் குழாய் ஸ்பீக்கரில் விடிய விடிய ஒலிப்பது அவர் குரல்தான். 1939இல் பிறந்தவர். 2011இல் ‘ஒஸ்தி’ படத்தில் ‘கலாசலா’ பாடும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். குரல் தடித்திருந்தது, கீழே இறங்கியிருந்தது. இசையமைப்பாளர் தமன் அந்தத் தடிப்பையே பாட்டின் பலமாக வைத்தார். எஸ். ஜானகி 2014இல் ‘வேலையில்லா பட்டதாரி’யில் தனுஷோடு அம்மா பாட்டைப் பாடியபோது அவருக்கு 76. அதில் குரல் நடுங்குகிறது. இறந்துபோன தாய் மகனோடு பேசும் பாட்டு அது, அந்த நடுக்கத்தை எந்த இளம் பாடகியாலும் செய்து காட்ட முடியாது. செம்மங்குடி சீனிவாசய்யருக்குக் குரலில் கரகரப்பு ஆரம்பத்திலிருந்தே உண்டு. தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையேறினார். கரகரப்புக்கு நடுவே ராகம் எங்கே போகிறது என்று சபையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நிறுத்துவதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஜானகியம்மா தாமே நாள் குறித்தார். 2017 அக்டோபரில் மைசூரில் கடைசி மேடைக் கச்சேரி. அயர்ன் மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினுக்கு 2023இல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் வாசித்துப் பார்த்துவிட்டு, 2024 டிசம்பரில் 72 வயதில் சாவோ பாலோவில் சுற்றுப்பயணத்திலிருந்து விடைபெற்றார். அவரவர் உடம்பு அவரவருக்குச் சொல்லும். அந்த நாளைக் குறிக்கும் உரிமை கீழே நிற்கிற நமக்குக் கிடையாது.

ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில், தான் பிறந்த ஊரின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகப் பாடினார். 76 வயது, பார்க்கின்சன் நோய், எழுந்து நிற்க முடியாமல் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். சுரம் பல இடத்தில் நழுவியது. நழுவிய இடத்தையெல்லாம் மைதானம் பாடி நிரப்பியது. பதினேழு நாள் கழித்து, 22ஆம் தேதி இறந்துபோனார். அவரிடம் யாராவது போய், மரியாதையாக நிறுத்தியிருக்கலாமே என்று சொல்லியிருக்க முடியுமா? நான் அந்தப் பதிவைப் பார்த்து அழுதேன். இதை எழுதும்போதும் அந்த நாற்காலி கண்முன் நிற்கிறது.

கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக, ஏதோ முக்கியமில்லாத விஷயம் போல ஒன்று எழுதியிருந்தீர்கள். நண்பர்களோடு சேர்ந்து பாடுவதாகவும், கத்திப் பாடிய மறுநாள் காலை குரல் அடைப்பதாகவும், இப்போது ஒரு மாதமாகவே அடைப்பு விடவில்லை என்றும். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குழாய்க் கேமரா வைத்து நாணைப் பார்த்துவிட வேண்டும். கட்டாயம். தள்ளிப் போடாதீர்கள். ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் கிளாஸ் மைனே 1981இல் இப்படித்தான் குரலை முழுக்க இழந்தார். அறுவை சிகிச்சை செய்து, பேசவே பயந்து, பயிற்சி எடுத்துத் திரும்பி வந்த பிறகுதான் ‘பிளாக்அவுட்’ ஆல்பம் வந்தது. திரும்ப வந்தவர் அவர். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அதுவரை பாட வேண்டாம். குசுகுசுவென்று பேசவும் வேண்டாம், அதுவும் நாணை இறுக்கும். தொண்டையைச் செருமாதீர்கள், செருமல் வந்தால் ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள். வயிற்று அமிலம் மேலே வந்து ராத்திரி முழுக்க நாணைச் சுடும். காலையில் குரல் அடைப்பதற்குப் பல பேருக்கு அதுதான் காரணம்.

பாடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு கிதாரை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் வாருங்கள். எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டையே முழுதாக ஒரு தடவை பாடிப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், வரும் ஞாயிறு ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு. அந்தப் பெரியவர் இதே பந்தலில் மறுபடி பாடுகிறார். இரவு எட்டு மணிக்கு ஆரம்பம், ஆனால் ஏழரைக்கே வந்துவிடுங்கள். மேடைக்கு வலப்பக்கம் இடம் பிடித்து வைக்கிறேன். அங்கே உட்கார்ந்தால்தான் கீபோர்டு வாசிக்கிற பையனின் விரல் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்